பந்தியும் வரிசையும்: ஜார்ஜ்டவுன் வீடற்றோரும் திருச்சபையின் அறப்பணியும்

வீடற்றோருக்குத் திருச்சபை செய்யும் உதவி அவர்களை நிமிர்த்துகிறதா, உதவியையே நம்பிக் காலம் தள்ளும் நிலைக்குப் பழக்குகிறதா என்ற கேள்வி இக்கருத்தரங்கின் முன் வைக்கப்பட்டுள்ளது. அக்கேள்வியில் அடங்கியுள்ள 'சார்புநிலை' என்னும் சொல்லுக்கு எல்லை கட்டிக்கொண்ட பின்னரே மேலே செல்வது நன்று. ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடிய ஒன்றைப் பிறர் இடைவிடாமல் செய்துகொடுத்து வருவதால், அதைச் செய்யும் ஆற்றலையும் செய்யவேண்டும் என்ற எண்ணத்தையும் அவர் சிறிது சிறிதாக இழப்பதே இங்குச் சார்புநிலை எனப்படுகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவர் சோறூட்டும் கையை எதிர்பார்த்திருப்பது இவ்வெல்லைக்குள் வராது. அதையும் இதனோடு சேர்த்துப் பேசியதால் விளைந்த குழப்பம் சிறிதன்று.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பசித்தவருக்கு ஒரு வேளைச் சோறு கிடைப்பது அரிதன்று. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலுள்ள குவான் யின் கோயில் வாசலில் கையேந்துவோரைக் காணாமல் அவ்வழியே கடப்பது கடினம். சீக்கியர் குருத்துவாராவில் லங்கர் என்னும் பொதுச்சமையல் எவரையும் வரவேற்கிறது. இந்துக் கோயில்களில் அன்னதானமும், தேவாலயங்களில் உணவுப்பணியும், இரவில் ஐந்தடி நடைபாதைகளில் பொட்டலம் கொடுத்துச் செல்லும் தன்னார்வலர் குழுக்களும் உண்டு. ஒரே மாலையில் ஒருவர் மூன்று பொட்டலம் பெறுவது இயலும். ஆயினும் தாழிட்டுப் படுக்க ஓர் அறையும், அவர் பெயருக்கு வரும் கடிதத்தை வாங்கிவைக்க ஒரு முகவரியும் அந்த மூன்று பொட்டலங்களால் கிடைத்துவிடுவதில்லை. மலிந்திருப்பதை மேலும் குவித்து, அரிதாயிருப்பதைத் தொடாமல் விடும் அறப்பணியே சார்புநிலைக்கு முதல் வித்திடுகிறது என்பது இவ்வுரையின் கருத்து.

இந்நகரில் அறை அரிதானதற்கு வரலாறு உண்டு. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் கட்டுப்பாடு முற்றாக விலகியபோது, கடைவீடுகளின் மாடிகளில் சிறு வாடகைக்குக் குடியிருந்த முதியோரும் கூலித் தொழிலாளரும் நகரின் நடுப்பகுதியிலிருந்து வெளியேற நேர்ந்தது. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தகுதி வந்தபின் அதே கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. தமிழரைப் பொறுத்தவரை இன்னொரு முடிச்சும் இதில் விழுந்தது. விடுதலைக்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தவறியவர்கள், 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது வேலை அனுமதிச் சீட்டின்றித் திகைத்தனர்; பலர் கப்பலேறி ஊர் திரும்ப, எஞ்சியோர் சிவப்பு அடையாள அட்டையோடு, அதாவது குடியுரிமையில்லா நிரந்தரவாசிகளாக, காலங்கழித்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக்கப்பட்டும் போனபோது வேலையையும் தோட்ட வீட்டையும் ஒரே நாளில் இழந்தவர்களின் கதையும் இதன் தொடர்ச்சியே. இவர்களுள் தெருவுக்கு வந்தவரைச் சோம்பலின் விளைவாகக் காண்பது வரலாறு அறியாதவரின் பார்வை.

அரசின் சட்டமோ வேறு கண்ணோட்டத்தில் எழுதப்பட்டது. 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம், பொதுவிடத்தில் தொல்லை தரும் வகையில் இரப்பவரை மட்டுமன்றி, வாழ்வதற்கான வழியோ இருப்பிடமோ புலப்படாமல் வெறுமனே காணப்படுபவரையும் 'ஆதரவற்றவர்' என்று வரையறுத்து, நீதிபதியின் ஆணையால் மூன்றாண்டு வரை நலக்காப்பகத்தில் வைக்க இடமளிக்கிறது. 2014 சூலையில் கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் இலவச உணவு வழங்கலைத் தடுக்கப்போவதாக அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பு பலருக்கும் நினைவிருக்கும். உணவைத் தடுத்தால் வீடற்றோர் மறைவர் என்ற எண்ணம், உணவு கொடுத்தால் வீடற்றோர் பெருகுவர் என்ற அச்சத்தின் மறுபக்கமே.

அந்த அச்சம் திருச்சபைக்குள்ளும் பழமையானது. எருசலேம் சபையின் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டனர் என்ற முறையீட்டின் பேரில் எழுவர் பணியமர்த்தப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. பந்தியைக் கவனித்த அந்த எழுவரையே மரபு முதல் திருத்தொண்டர்களாகக் கருதுகிறது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் மடலோ, சபை காக்கவேண்டிய கைம்பெண்களின் பட்டியலுக்கு அறுபது வயது என்ற வரம்பிட்டு, உறவினர் உள்ளவரை உறவினரே காக்கட்டும் என்று வகுக்கிறது. பங்கீட்டில் ஒருவரும் விடுபடலாகாது என்ற கவலையும், பட்டியலைக் கட்டுக்குள் வைக்கவேண்டும் என்ற கவலையும் ஒரே நூல்தொகுதியில் அருகருகே நிற்கின்றன.

இரண்டாவது கவலையை இறுதிவரை கொண்டுசென்றவர் ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ். 1819 முதல் 1823 வரை கிளாஸ்கோ நகரின் புனித யோவான் பங்கில் அவர் பொறுப்பேற்றிருந்தபோது, பங்கை 25 சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தொண்டரை அமர்த்தி, கேட்பவரின் குடும்பநிலையை நேரில் அறிந்த பின்னரே, அதுவும் உற்றார் அயலார் உதவி கிடைக்காதபோதே, சபை கொடுக்கவேண்டும் என்று வகுத்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 பவுனாக இருந்த செலவு 280 பவுனுக்கு இறங்கியது. ஆயின் இறங்கியது வறுமையா, கேட்கும் துணிவா என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை. செலவு குறைந்ததையே வெற்றியின் அளவுகோலாகக் கொண்டது அம்முறையின் பெருங்குறை. வீட்டுக்குச் சென்று ஆளை அறியவேண்டும் என்ற அதன் முதற்பாதி மட்டும் இன்றும் கொள்ளத்தக்கது. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் இல்லச் சந்திப்பும் அதனோடு ஒத்ததே. தெருவில் படுப்பவருக்குச் சந்திக்க இல்லம் இல்லை என்பதே இங்குள்ள இடர்.

தமிழ்த் திருச்சபையின் சொந்த அனுபவத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பினாங்கில் அது உரிய அளவு பேசப்படுவதில்லை. திருநெல்வேலிச் சீமையில் மதம் மாறியதன் பொருட்டு வீடிழந்து அலைந்தவர்களுக்காக உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799இல் நிலம் வாங்கி முதலூர் என்னும் ஊரை உண்டாக்கினார். 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கம், இத்தகைய குடியிருப்புகளுக்கு நிலம் வாங்குவதையே நோக்கமாகக் கொண்டது. அகதிகளாக வந்தவர்களுக்கு முதலில் மனை கிடைத்தது. பள்ளியும் தொழிலும் காணிக்கையும் அதன்மேல் வளர்ந்தன. தகுதியை நிரூபித்த பின் வீடு என்னாமல், வீட்டை முதலில் கொடுத்துவிட்டுக் குடிப்பழக்கத்தையும் மனநோயையும் அங்கிருந்தே கவனிக்கும் 'முதலில் வீடு' என்னும் முறை 1992இல் நியூயார்க்கில் உருப்பெற்று, 2008 முதல் பின்லாந்தின் தேசியக் கொள்கையாகி, அங்கு வீடற்றோர் தொகையைக் குறைத்துள்ளது. இரண்டின் சூழலும் வேறு. ஆனால் வரிசைமுறை ஒன்றே.

தென்மாவட்டச் சபைகளில் 'அசனம்' என்ற சொல் வழங்குகிறது. ஊரார் அரிசியும் காய்கறியும் கொணர்ந்து, ஆலய வளாகத்தில் சமைத்து, கொடுத்தவரும் கொடாதவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் விருந்து அது. பந்தியில் இன்னார் ஈந்தார், இன்னார் ஏற்றார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொட்டலத்துக்கு நிற்கும் வரிசையிலோ அப்பிரிவினையன்றி வேறொன்றும் இல்லை. வரிசையில் நிற்பவருக்குப் பெயர் வேண்டியதில்லை, பத்தாண்டு நின்றாலும். வீடற்றோர் ஒருவர் வெங்காயம் நறுக்குபவராகவும் பாத்திரம் கழுவுபவராகவும் கணக்கெழுதுபவராகவும் அமையும் சமையற்கூடம், அதே அளவு சோற்றைப் போட்டும் வேறொரு விளைவைத் தரும். பன்றியிறைச்சி நுழையாத அடுக்களையும், சோற்றுக்கு விலையாக ஜெபம் கேட்காத ஒழுக்கமும் பல சமயத்தார் வாழும் இந்நகரில் அதன் அடிப்படை நிபந்தனைகள்.

சோற்றுக்கு அப்பால் செய்யவேண்டியவை பெரும்பாலும் கவர்ச்சியற்ற வேலைகள். பினாங்குக் கத்தோலிக்கப் பணியின் ஒரு பகுதியான 'கவான்' என்னும் பகல்நேர மையம், மலாயில் 'நண்பர்' என்று பொருள்படும் பெயருக்கேற்ப, உணவோடு குளிக்கவும் இளைப்பாறவும் இடமளிக்கிறது. குளித்து உடைமாற்றியவரே வேலை கேட்டுப் போகமுடியும் என்பதால் குளியலறை ஒன்று நூறு பொட்டலங்களுக்கு ஈடு. அடையாள அட்டை தொலைந்தவரைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் செல்வதும், ஆலய முகவரியை அவர் முகவரியாகக் கொடுப்பதும், சமூகநல இலாகாவின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்புவதும், இரண்டு மாத முன்பணத்தையும் முதல் மாத வாடகையையும் திரட்ட முடியாமல் நிற்பவருக்காக வீட்டுக்காரரிடம் பிணை நிற்பதும் அவ்வகையைச் சேர்ந்தவை. முன்பணத்தைக் கடனாகக் கொடுத்துச் சிறு தவணையில் திரும்பப் பெறுவது இலவசமாகக் கொடுப்பதைவிடக் கடினம், ஏனெனில் ஓராண்டுக்கு ஒருவர் உடன் நடக்கவேண்டியிருக்கும். சில கடன்கள் வாராமற்போகும். அதைச் சபைக் கணக்கில் எழுதிக்கொள்ளத் தயங்குவோர் இப்பணியில் இறங்காதிருப்பது நலம்.

இனி, என்றும் நிமிரமாட்டாதவர்களைப் பற்றி. முதுமையாலும் மனநோயாலும் தளர்ந்தவரிடம் தற்சார்பை எதிர்பார்ப்பது கொடுமை. பத்து லஞ்சாங்கில் முதியோரைக் காக்கும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை, 1839இல் பிரான்சில் ழான் ஜுகான், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் படுக்கையில் கிடத்தியதிலிருந்து தோன்றியது. நிலையான வருவாயை ஏற்காமல் நாள்தோறும் பிறரிடம் கேட்டுப் பெற்றே வாழ்வது அச்சபையின் மரபு. சார்புநிலையைக் கண்டு அஞ்சும் அறிஞர், தாமே சார்ந்து வாழ்வதை நோன்பாகக் கொண்ட இப்பெண்களிடம் என்ன குறை காண்பர் என்பது சுவையான கேள்வி.

கொடுப்போரின் சார்புநிலையும் ஆய்வுக்குரியதே. ஞாயிறு மாலைப் பணிக்கு ஆள் சேர்ந்துவிட்ட இளைஞர் குழுவுக்குப் பெறுவோர் தேவைப்படுகின்றனர். படமெடுக்க வரிசை தேவைப்படுகிறது. ஒருவர் அறை கிடைத்துப் போய்விட்டால் அவரிடத்தை நிரப்ப இன்னொருவரைத் தேடும் நிலையும் வரலாம். ஒவ்வொரு சபையும் தன் ஆண்டறிக்கையில் வழங்கிய பொட்டலங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், வரிசையை விட்டுச் சென்றவர்கள் எத்தனை பேர், எங்கே சென்றனர், ஆறு மாதம் கழித்து எங்கே இருந்தனர் என்று மூன்று பத்திகளை ஒதுக்கினால், இக்கருத்தரங்கு தேடும் விடையின் பாதி அங்கேயே கிடைக்கும். அந்தப் பத்திகளுக்கு வேண்டிய பதிவுமுறையை, பெயர் வெளிப்பட விரும்பாதவரின் மறைவுரிமை கெடாமல் எவ்வாறு அமைப்பது என்பதை முதல் அமர்வு எடுத்துக்கொள்வது பொருத்தமாயிருக்கும்.