மாணவர் படையில் ஏவல்மொழி



ஓர் இளைஞன் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்வது நன்று. காலந்தவறாமை, அணியொழுங்கு, உடலுரம், பிறர்க்குதவும் உள்ளம் ஆகியவை எந்நாட்டு இளையோர்க்கும் வேண்டுவனவே. நாட்டு மாணவர் படை அவற்றைப் பயிற்றுகின்றது. ஆகவே, மறுக்கப்படுவது படையன்று. அப்படையின் ஏவல்மொழியாகிய இந்தியே!

1946-இல் குன்சுரு தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்படை தோன்றியது. 1949-இல் மகளிர் பிரிவும், 1950-இல் வான்படைப் பிரிவும், 1952-இல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன. 1962-இல் சீனப்போர் மூண்டது; 1963-இல் படைப்பயிற்சி கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாயிற்று.

1965-ஆம் ஆண்டு மொழிப்போரில் தமிழிளைஞர் உயிரீந்தனர். 1967 திசம்பரில் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் நிறைவேறவே, கிளர்ச்சி மீண்டும் கனன்றது. அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருக்க, 1968 சனவரி 23-இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மும்மொழித் திட்டம் அகல வேண்டும் என்றது அது. மாணவர் படையில் இந்தி ஏவற்சொற்கள் கூடா என்றும், நடுவணரசு இணங்காவிடின் அப்படையையே கலைத்துவிடுவது என்றும் உரைத்தது. அவ்வாண்டிலேயே படைப்பயிற்சியின் கட்டாயம் நீங்கியது.

கட்டாயம் நீங்கிற்று, இந்தி நீங்கிற்றா? இல்லை! பயிற்சி ஏடுகளில் இன்றும் 'சாவ்தான்', 'விசுராம்', 'தேசு சல்' என்பனவே ஏவற்சொற்கள். படையின் பாடலும் இந்தியே. 'நேர் நில்', 'இயல்பாய் நில்', 'விரைந்து நட' என்று ஏவினால் தமிழ் மாணவனின் கால் நடவாதா?

"பல மாநிலத்தார் கூடும் படைக்கு ஒரே ஏவல்மொழி வேண்டாவா?" என்பர். அனைத்திந்திய முகாமில் கூடுவோர் சிலர். அதுவும் சில நாளே. தஞ்சைக் கல்லூரித் திடலில் ஏவும் ஆசிரியரும் தமிழர். நடக்கும் மாணவரும் தமிழர். அங்கே இடையில் இந்திக்கு என்ன வேலை?

மொழி பலவாயின் ஒற்றுமை குலையும் என்பதும் பொய்யே. சென்னைப் படைப்பிரிவின் போர்முழக்கத்தில் 'அடி, கொல்லு' என்னும் சொற்களே ஒலிக்கின்றன. சீக்கியர் பஞ்சாபியில் முழங்குகின்றனர். கூர்க்கர் நேபாளியில் முழங்குகின்றனர். சாவை எதிர்கொள்ளும் களத்தில் தாய்மொழி தடையில்லை. பயிற்சித் திடலில் மட்டும் தடையாமோ?

படையை விட்டு விலகுவது தீர்வாகாது. அதன் 'சி' சான்றிதழ், படை அலுவலர் பணிக்குத் தனிவழி திறக்கின்றது. அவ்வழியைத் தமிழ்ப் பிள்ளைகள் இழத்தலாகாது. ஆகவே மாணவர் உள்ளிருந்தே கேட்க வேண்டும். ஆசிரியர் துணைநிற்க வேண்டும். சட்டமன்றத்தார் 1968-இன் தீர்மானத்தை மீண்டும் கையிலெடுக்க வேண்டும்.

நிமிர்ந்து நிற்கச் சொல்லும் சொல்லே அயன்மொழியாயின், நிமிர்வது உடல் மட்டுமே. உள்ளம் குனிந்தே நிற்கும். உள்ளமும் நிமிரத் தமிழில் ஏவுக!

வெல்க தமிழ்!