குழந்தையின் இரத்தமும் கஞ்சிக் கிண்ணமும்
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அன்று நம் பாட்டன்மாரின் இரத்தத்தைக் கொக்கிப்புழு உறிஞ்சியது. இன்றும் சில பிள்ளைகளின் முகம் வெளிறியிருக்கக் காண்கிறோம். காரணம் என்ன?

பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சத்து ஆறு மாதத்தில் குறைந்துவிடும். தாய்ப்பாலிலும் அது சொற்பமே. பிறகு வெறும் கஞ்சியும் டின்பாலும் கொடுத்தால் இரத்தம் எப்படி ஊறும்? தேயிலைத் தண்ணீரோ உணவிலுள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாது.

இன்னொன்றும் உண்டு. நோய்க்கிருமி தொற்றினால் உடம்பில் அழற்சி உண்டாகும். அப்போது ஈரல் ஹெப்சிடின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரந்து, குடலில் இரும்பு நுழையும் வாசலை அடைத்துவிடும். ஆகவே உணவும் வேண்டும், சுத்தமும் வேண்டும்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, தாய்ப்பாலோடு தினமும் மீன், முட்டை அல்லது இறைச்சி கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. உப்புப் போகக் கழுவிய நெத்திலியை வேகவைத்து, இடித்துக் கஞ்சியில் கலப்போம். பருப்புக்கும் கீரைக்கும் எலுமிச்சைச் சாறு சேர்ப்போம்.

இருட்டில் பால்வெட்டுக்குப் போகும் தாய் தனியே என்ன செய்வாள்? ஆயாக் கொட்டகைக் கிண்ணத்தில் முட்டையும், குழாயில் நல்ல நீரும் கேட்போம். இது பிச்சையன்று, உழைப்பவரின் உரிமை!