கணையத் தீவுகளின் ஒட்டுறவு



விழாப் பந்தியில் பாயசம் வரும்பொழுது இலைமேல் கையை விரித்து மறைப்போர் நம்மிடையே பலர். அக்கையை விரிக்கச் செய்த நீரிழிவு நோய்க்குப் பிறப்பிடம் கணையம். இரைப்பையின் பின்புறம் கிடக்கும் அவ்வுறுப்பினுள் இன்று சற்று நுழைந்து பார்ப்போம்.

1869-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இளம் மாணவர், பட்டத்திற்கெனச் செய்த ஆராய்ச்சியில், கணையத்தினுள்ளே திட்டுத் திட்டாகச் சில உயிரணுக் கூட்டங்களைக் கண்டார். அவற்றின் பணி யாதென அவருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அதுவன்றோ அறிஞர்க்கு அழகு! 1893-இல் லாகெஸ் என்ற பிரெஞ்சு நாட்டு அறிஞர் அவற்றை 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று அழைத்தார். ஒருவர் கணையத்தில் இத்தீவுகள் ஏறத்தாழப் பத்து லட்சம் உள்ளன. ஆயினும் அனைத்தும் சேர்ந்து கணையத்தின் எடையில் நூற்றில் ஓரிரு பங்குதான்.

தீவில் வாழ்வோர் பல வகையினர். பீட்டா அணுக்கள் இன்சுலினைச் சுரந்து இரத்தத்துச் சர்க்கரையைக் குறைக்கின்றன. ஆல்பா அணுக்கள் குளூக்ககானைச் சுரந்து அதனை உயர்த்துகின்றன. டெல்டா அணுக்கள் இவ்விரண்டையும் அடக்கி வைக்கின்றன. எலியின் தீவில் பீட்டா அணுக்கள் நடுவிலும் ஏனையவை விளிம்பிலும் அமைந்துள்ளன. மனிதத் தீவில் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. பல வகையும் கலந்தே உறைகின்றன.

இவற்றுக்கு இடம் வகுத்துக் கொடுப்பவர் யார்? நம் காலனியில் வீடு ஒதுக்க ஓர் அலுவலகம் இருப்பதுபோல் அங்கே எதுவும் இல்லையே! 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் எலியின் தீவுகளைத் தனித்தனி அணுக்களாகப் பிரித்து, ஊட்டநீரில் விட்டனர். சில நாட்களில் அவை தாமாகவே கூடின. அதனினும் வியப்பு, பீட்டா அணுக்கள் உள்ளேயும் மற்றவை வெளியேயுமாகப் பழைய அமைப்பையே மீண்டும் பெற்றன.

ஒவ்வோர் அணுவின் மேற்பரப்பிலும் உள்ள ஒட்டுப் புரதங்களே இதற்குக் காரணம். 'காட்ஹெரின்' என்னும் வகை, கால்சியம் இருந்தால்தான் பற்றும். தன்னையொத்த காட்ஹெரினையே பெரிதும் நாடும். 'என்-கேம்' என்னும் மற்றொன்றுக்குக் கால்சியம் வேண்டா. 1996-இல் சுண்டெலிகளின் பீட்டா அணுக்களில் காட்ஹெரினின் வேலையைக் கெடுத்துப் பார்த்தபோது, அவ்வணுக்கள் தீவாகக் கூடாமல் ஒவ்வொன்றாகச் சிதறிக் கிடந்தன. ஆல்பா அணுக்களோ பீட்டா துணையின்றித் தாமே கூடிக்கொண்டன. 1999-இல் என்-கேம் இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, விளிம்பில் நிற்கவேண்டிய ஆல்பா அணுக்கள் தீவின் உட்புறத்திலும் பரவியிருந்தன.

இருக்கை மாறினால் என்ன குறை என்று கேட்கலாம். தனித்த பீட்டா அணு சர்க்கரை மிகுந்தாலும் போதிய இன்சுலின் சுரப்பதில்லை. அதே அணு கூட்டத்தில் சேர்ந்தால் நன்கு சுரக்கிறது. அருகருகே ஒட்டிய அணுக்களுக்கிடையே நுண்ணிய வழிகள் உண்டு. அவற்றின் வாயிலாக மின் துடிப்பு பரவ, பல அணுக்கள் ஒரு சேர இயங்குகின்றன.

முதல் வகை நீரிழிவில் உடலின் காப்புப் படையே பீட்டா அணுக்களை அழித்துவிடுகிறது. கனடாவின் எட்மண்டன் நகர மருத்துவர்கள், இறந்தோர் தந்த கணையங்களிலிருந்து தீவுகளைப் பிரித்து, 7 நோயாளிகளின் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் செலுத்தினர். அவர்கள் இன்சுலின் ஊசியின்றி வாழ்ந்ததை 2000-இல் உலகம் அறிந்தது.

இப்பணியில் கடினமானது தீவுகளைப் பிரிக்கும் வேலைதான். கணையத்தோடு தீவை இணைக்கும் நாரைக் கொலாஜினேஸ் என்னும் நொதி கரைக்கிறது. கரைப்பு குறைந்தால் தீவு விடுபடாது. மிகுந்தாலோ தீவின் உள்ளொட்டும் நெகிழ்ந்து அணுக்கள் சிதறும். ஆதலால், தீவுகளை மட்டும் சிவப்பாக்கும் ஒரு சாயத்தைச் சேர்த்து, துளித் துளியாக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, நிறுத்தவேண்டிய கணத்தை ஒருவர் தம் கண்ணாலேயே தீர்மானிக்கிறார்.