மின்தடையும் கணிப்பொறிக் கணக்கும்
(உரையின் வாசகம்)

2020 அக்டோபர் 12 அன்று காலை 10 மணியளவில் மும்பை மாநகரின் பெரும்பகுதியில் மின்சாரம் தடைப்பட்டது. புறநகர் ரயில்களும் நடுவழியில் நின்றன. அத்தகையதொரு வேளையில், தாராவியின் தோற்பொருள் கடை ஒன்றில் கடனுக்குச் சென்ற சரக்கைக் கணக்கர் கணிப்பொறியில் பதிந்து, ‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல்லையும் திரையில் கண்டுவிட்டார் எனக் கொள்ளலாம். மின்சாரம் திரும்பியதும் அப்பதிவு இருக்குமா? இல்லாமலும் போகலாம். கடனுக்கு வேறு சான்றும் இராது.

கணிப்பொறியை நடத்தும் இயக்க முறைமையின் சிக்கன ஏற்பாடே இதற்குக் காரணம். சுழலும் வட்டில் உரிய இடத்தைத் தேடி எழுத ஏறத்தாழ நூறில் ஒரு வினாடி பிடிக்கும். நினைவகத்தில் எழுதுவதோ பல்லாயிரம் மடங்கு விரைவானது. ஆகவே வந்ததை நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததாக அறிவித்துவிட்டு, பின்னர் பலவற்றைச் சேர்த்து வட்டுக்கு அனுப்புகிறது. பழைய யூனிக்ஸில் 30 வினாடிக்கு ஒருமுறை இது நடைபெற்றது. லினக்ஸிலும் வேறு கட்டளை இராவிடில் ஏறத்தாழ அவ்வளவு நேரம் விவரம் நினைவகத்திலேயே தங்கக்கூடும். கடைக்காரர் பகலில் சிட்டையில் குறித்து மாலையில் பேரேட்டில் ஏற்றுவதும் இம்முறையே. ஆயின் சிட்டை காகிதம். விளக்கு அணைந்தால் அழிவதில்லை.

இன்னொரு கேடும் உண்டு. ஒரு கோப்பு வளரும்போது வட்டில் பல இடங்கள் மாற வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றால் கோப்பு அமைப்பே குழம்பும். 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யும், 2001-இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்-3 முறையும், செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் வட்டிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுகின்றன. மீண்டும் இயங்கும்போது, முழுமையாகக் குறிக்கப்பட்டது நிறைவேற்றப்படும், அரைகுறையானது தள்ளப்படும். எனினும் இக்குறிப்பேடு பெரும்பாலும் அமைப்பையே காக்கிறது. கடைசியாகப் பதிந்த தொகையை அன்று.

அத்தொகையைக் காக்க, ‘இப்பொழுதே வட்டில் எழுது, முடிந்தபின் சொல்’ என்று கணக்கு மென்பொருளே பணிக்க வேண்டும். எஃப்சிங்க் என்பது அந்த ஆணை. நல்ல தரவுத்தள மென்பொருள் ஒவ்வொரு வரவு செலவையும் உறுதி செய்யுமுன் இதனைப் பிறப்பிக்கிறது. வேகம் குறையும் என்பது மெய்தான். அதற்காகவே இதனைத் தவிர்க்கும் மென்பொருள்களும் உள. வட்டினுள்ளும் ஒரு சிறு நினைவகம் இருப்பதால், உண்மையில் எழுதாமலே ‘ஆயிற்று’ என மறுமொழி தந்த வட்டுகளும் உண்டு.

யு.பி.எஸ். கருவி மின்தடையைச் சில நிமிடம் தாங்கும். இயக்க முறைமையே செயலற்றுப்போனால் அது உதவாது. ஆதலின் மென்பொருள் வாங்கும் அலுவலர் அதன் வேகத்தை மட்டும் கேட்டு அமையலாகாது. ஏற்பு நாளன்று சோதனைக் கணிப்பொறியில் பத்துச் சீட்டுகளைப் பதியச் செய்து, பத்தாவது உறுதியான கணமே மின்இணைப்பைப் பிடுங்கி, மீண்டும் இயக்கி எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒன்பதே இருந்தால் கையொப்பம் இடுவதற்கில்லை.