பணியிடத்தில் தனிமைப்படுத்தப்படுவோர்

1917இல் வெளிநாட்டுக் கல்வி பெற்றுத் திரும்பிப் பரோடா அரசுப் பணியேற்ற அண்ணல் அம்பேத்கரின் மேசைமீது, கடைநிலை ஊழியர்கள் தொலைவிலிருந்தே கோப்புகளை வீசினர். அலுவலகத்தில் குடிநீரும் அவருக்கு எளிதாகக் கிட்டவில்லை. தங்க இடமுமின்றிச் சில நாள்களிலேயே அவர் பணியை விட்டகன்றார்.

பலர் கூடி ஒருவரை ஒதுக்கும் இக்கொடுமையை 1980களில் சுவீடனில் ஆராய்ந்தார் ஹைன்ஸ் லேமன். பேசாதிருத்தல், பழிதூற்றல், பணியைப் பறித்தல் ஆகியவை நாள்தோறும் தொடர்ந்தால் உறக்கம் கெடும், உடல் நலியும், இறுதியில் வேலையும் போகும் என அவர் காட்டினார்.

பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுவே: நிகழ்ந்ததை நாளிட்டுக் குறித்து வையுங்கள். எழுத்தில் முறையிட்டு நகலைக் காத்துக்கொள்ளுங்கள். பிறர் காணச் சாதி கூறி இழிவுபடுத்துதல் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

படிக்க வைத்ததோடு நம் கடமை முடிவதில்லை. பெற்ற வேலையில் அவர்கள் நிலைத்திடத் துணைநிற்றலும் நம் கடமையே.