துண்டு நூலும் போர்வை ஆகும்



சிம்லா, டார்ஜிலிங் போன்ற மலை ஊர்களில் குளிர் அதிகம். அங்கே பெண்கள் பலர் வீட்டிலேயே ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். பின்னி முடித்ததும் துண்டு நூல் மிஞ்சும். அது ஒரு தொப்பிக்குக்கூடப் போதாது. அதை வீசிவிடலாமா? கூடாது. அதுவும் காசு கொடுத்து வாங்கிய நூல்தானே!

அதில் குழந்தைக்குப் போர்வை பின்னலாம். குரோஷா ஊசி ஒன்று போதும். நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பின்னுங்கள். நூல் தீர்ந்தால் வேறு நிறம் சேருங்கள். 10 சென்டிமீட்டர் சதுரம் வந்ததும் நிறுத்துங்கள். அட்டையில் அந்த அளவை வெட்டி வைத்துச் சரிபாருங்கள். அளவு மாறினால் போர்வை கோணிவிடும். கடைசிச் சுற்றுக்கு மட்டும் எல்லாவற்றிலும் ஒரே நிறம் போட்டால் அழகாக இருக்கும்.

அகலத்தில் 8 சதுரம், நீளத்தில் 10 சதுரம். மொத்தம் 80. இணைத்தால் 80 சென்டிமீட்டர் அகலம், 1 மீட்டர் நீளம் வரும்.

இரண்டு செய்திகளை மறக்காதீர்கள். ஆட்டு ரோமக் கம்பளி வெந்நீரில் சுருங்கும். அக்ரிலிக் நூல் அப்படிச் சுருங்காது. இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். நூல் நுனியை ஒட்ட வெட்டாதீர்கள். விரல் நீளம் விட்டு, ஊசியால் பின்னலுக்குள் நுழைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரிந்துவிடும்.

80 சதுரமா என்று மலைக்க வேண்டாம். 20 பெண்கள் சேர்ந்தால் ஆளுக்கு 4 சதுரம்தான். ஒரு வீட்டு நூலில் போர்வை ஆகாது. 20 வீட்டு நூல் சேர்ந்தால், குளிரில் நடுங்கும் ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.