குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி?
(திருவிழாவில் பெற்றோருக்காக நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கெடா மாநிலத்தின் தென்கோடியில் அமைந்த செர்டாங் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களும், பின்னர் செம்பனைத் தோட்டங்களும் செழித்தன. தோட்டம் எங்கு உண்டோ, அங்கு மாரியம்மன் ஆலயமும் உண்டு. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகி, அன்னையை வேண்டி நின்றனர் முன்னோர். அதே முன்னோர் 'அம்மை குத்துபவர்' வந்தபோது பிள்ளைகளின் கையை நீட்டவும் செய்தனர். பக்தியும் மருத்துவமும் அவர்களுக்குப் பகையாகத் தோன்றவில்லை. 1796ஆம் ஆண்டு எட்வர்ட் ஜென்னர் தொடங்கிய அம்மை குத்தும் முறையின் பயனாக, பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என 1980ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

இக்காலப் பெற்றோரின் கேள்வி வேறு. தடுப்பூசி வேண்டுமா என்று கேட்பவர் சிலரே. எந்த வகையைப் போடுவது என்று தயங்குபவர் பலர். சொட்டு மருந்தா, ஊசியா? தனித்தனி ஊசியா, பல நோய்களுக்கு ஒரே ஊசியா? அரசாங்கக் கிளினிக்கா, தனியார் மருத்துவமனையா? இத்தயக்கத்திற்கு விடை தேவை.

முதலில் இளம்பிள்ளை வாதத்தை நோக்குவோர்க்கு வகைகளின் இயல்பு தெளிவாகும். ஜோனாஸ் சால்க் கண்ட ஊசி மருந்து 1955ஆம் ஆண்டு பயனுக்கு வந்தது. அதில் உள்ள கிருமி செயலிழந்தது. ஆதலால் அதனால் நோய் வராது. ஆல்பர்ட் சேபின் கண்ட சொட்டு மருந்தில் உள்ளதோ வலுவிழந்த உயிருள்ள கிருமி. அது குடலிலேயே காப்பளித்து, நோய் பரவுவதைத் தடுக்கிறது, விலையும் குறைவு. ஆயினும் தடுப்பூசி போடாதோர் மிகுந்த இடத்தில் அக்கிருமி பரவிப் பரவி, மிக அரிதாக மீண்டும் வலுப்பெறக்கூடும்.

தமிழகத்தின் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணைச் சொட்டு மருந்து இந்தியக் குழந்தைகள் பலருக்குப் போதிய காப்பளிக்கவில்லை என்று ஆய்ந்து கூறினார். பின்னர் இந்தியாவில் பிள்ளைகளுக்குப் பலமுறை சொட்டு மருந்து புகட்டப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் கண்ட நோயாளியே அங்கு இறுதி. 2014ஆம் ஆண்டு அந்நாடு அந்நோயற்றதாக அறிவிக்கப்பெற்றது.

மலேசியாவில் 1992க்குப் பின் அந்நோய் இல்லை. ஆனால் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு அது கண்டது. வழக்கமான அட்டவணையில் ஊசியே இருந்தும், பரவலைத் தடுக்கச் சபாவின் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்தும் புகட்டப்பட்டது. ஆகவே ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. இடமும் காலமும் அறிந்து மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது.

கக்குவான் இருமல் தடுப்பூசியிலும் இரு வகை உண்டு. முழுக் கிருமியைக் கொண்ட பழைய வகையால் காய்ச்சலும் வீக்கமும் சற்று மிகுதி. கிருமியின் சில கூறுகளை மட்டும் கொண்ட புதிய வகையால் அத்தொல்லை குறைவு; ஆனால் அதன் காப்பு சற்று விரைவில் தளர்வதால் குறித்த தவணைகளைத் தவறாது போட வேண்டும்.

இந்நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் 2020ஆம் ஆண்டின் இறுதி முதல் ஆறு நோய்களுக்கான ஒரே ஊசி போடப்படுகிறது. தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமல், இளம்பிள்ளை வாதம், ஹெப்பாட்டைட்டிஸ் பி, ஹிப் ஆகியவற்றை அது தடுக்கும். குழந்தையின் 2, 3, 5, 18ஆம் மாதங்களில் அது தரப்படும். பிறந்தவுடன் பி.சி.ஜி.யும், 9, 12ஆம் மாதங்களில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஊசியும் உண்டு. குடிமக்களின் குழந்தைகளுக்கு இவை இலவசம். பல நோய்களுக்கு ஒரே ஊசி என்றால் பிஞ்சு உடல் தாங்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. குழந்தையின் உடல் அன்றாடம் எண்ணற்ற கிருமிகளைச் சந்திக்கிறது. ஊசியில் உள்ளவை மிகச் சிலவே. குத்தும் வலியும் கிளினிக்குக்கு அலையும் நாட்களும் குறைகின்றன.

வசதியுள்ளோர் தனியார் மருத்துவமனையில் கூடுதலாகச் சிலவற்றைப் போடலாம். வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா கிருமிக்கான வாய்வழி மருந்தில் இரு தவணை வகையும், மூன்று தவணை வகையும் உண்டு. எதனைத் தொடங்கினாலும் அதனையே முடிப்பது நன்று. பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கவும் வேண்டும். ஆனால் தனியார் மருத்துவமனைக்குப் பணம் சேரட்டும் என்று அரசாங்க ஊசியைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு.

அதன் விலை என்னவென்று 2016ஆம் ஆண்டு உணர்த்தியது. கெடா உள்ளிட்ட மாநிலங்களில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கிப் பிள்ளைகளின் உயிரைக் கவர்ந்தது. தடுப்பூசி போடப்பெறாத பிள்ளைகளும் மாண்டோரில் இருந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது விலையுயர்ந்த வகையன்று. உரிய காலத்தில் கிடைத்திருக்க வேண்டிய சாதாரண ஊசியே.

ஆதலின் பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டியவை சில. லேசான சளிக்காகத் தவணையைத் தள்ள வேண்டாம். தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய பிள்ளைக்கோ, முன் தவணையில் கடுமையான ஒவ்வாமை கண்ட பிள்ளைக்கோ மருத்துவரின் ஆலோசனை கட்டாயம். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைப் பிறப்புப் பத்திரத்தோடு பத்திரமாக வைக்க வேண்டும்.

பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு அன்னையின் சந்நிதியில் அமரும் பாட்டிமார்கள், மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்: "அடுத்த ஊசி என்றைக்கு அம்மா?" குழந்தையின் உச்சியில் திருநீறு இடும் கையே அதனைக் கிளினிக்குக்கும் தூக்கிச் செல்லட்டும். அன்னை மாரி எல்லாப் பிள்ளைகளையும் காத்தருள்வாளாக.